பிளாட்பாரத்தில் இருப்பவரிடம் என்ன பேசுவது, என்ன கொடுப்பது?

கேட்டவர் சென்னையில் பாரிமுனைப் பக்கம் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்து போகும் வழியில் நடைபாதையில் ஒரு குடும்பம் இருக்கிறது. சற்றுத் தள்ளி, மூடிக் கிடக்கும் கடை வாசலில் ஒரு பெரியவர் தனியாகப் படுத்திருக்கிறார், காலில் ஆறாத புண். "காசு கொடுப்பதா, சாப்பாடு வாங்கித் தருவதா? மாநகராட்சிக் காப்பகம் இருக்கும்போது இவர்கள் ஏன் அங்கே போவதில்லை? பேசத் தயக்கமாக இருக்கிறது, பேசாமல் கடந்து போனால் நாள் முழுக்க உறுத்துகிறது" என்று எழுதியிருக்கிறார். மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: பக்கத்து வீட்டுக்காரரிடம் பழகுவதுபோல இவர்களிடம் பழக முடியுமா? முடியும். அதற்கு அவர்களுடைய நாள் எப்படி ஓடுகிறது என்று கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும். அதைச் சொல்லப் போவதால் பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சமூகப்பணி படித்துவிட்டு வடசென்னையில் வீடற்றவர்களிடையே பல வருடங்களாக வேலை செய்கிறவன். பெரும்பாலும் இரவு வேலை. ஜார்ஜ் டவுன், ராயபுரம், வால்டாக்ஸ் சாலை, சென்ட்ரல் சுற்றுவட்டாரம், இவ்வளவுதான் எனக்கு நன்றாகத் தெரிந்த இடங்கள். கோவையிலோ மதுரையிலோ நிலைமை வேறு மாதிரி இருக்கலாம். நான் மருத்துவரும் இல்லை, வக்கீலும் இல்லை. சட்டம் பற்றிக் கீழே சொல்வதெல்லாம் இந்த வேலைக்காகப் படித்துத் தெரிந்துகொண்ட அளவுதான்.

உங்கள் கேள்வியிலேயே இரண்டு வேறு வேறு வாழ்க்கை இருக்கிறது. அந்தக் குடும்பத்துக்கும் அந்தப் பெரியவருக்கும் பொதுவாக இருப்பது கூரை இல்லை என்பது மட்டும்தான். இந்தியாவில் அரசு எல்லோரையும் ஒரே கணக்கில் எழுதிக்கொள்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிப்ரவரி 28 ராத்திரி ஆட்கள் தெருத்தெருவாகப் போய், நடைபாதை, மேம்பாலத்தடி, ரயில் நிலையம், கோயில் மண்டபம் எனப் படுத்திருந்தவர்களை எண்ணினார்கள். நாடு முழுக்க 17.7 லட்சம் பேர், அதில் நகரங்களில் 9.4 லட்சம் என்று வந்தது. 2001இல் மொத்தம் 19.4 லட்சம், நகரங்களில் 7.8 லட்சம். அதாவது கிராமத்தில் எண்ணிக்கை குறைந்து நகரத்தில் கூடியிருக்கிறது. இது அரசின் கணக்கு. உண்மையான எண்ணிக்கை இதைவிட அதிகம் என்பது என் அபிப்பிராயம், நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். ஒரே ஒரு ராத்திரியில் எண்ணினால் மார்க்கெட்டில் லோடு இறக்கப் போனவர் அகப்பட மாட்டார், ஏனென்றால் அவருக்கு வேலையே ராத்திரியில்தான். தனியாக இருக்கும் பெண்கள் வேண்டுமென்றே கண்ணில் படாத இடமாகப் பார்த்துத்தான் ஒதுங்குவார்கள்.

சரி, குடும்பத்துக்கு வருவோம். ஜார்ஜ் டவுன் நடைபாதைகளில் மூன்றாவது தலைமுறையாக இருக்கும் குடும்பங்கள் உண்டு. தாத்தா மூட்டை தூக்க வந்தார், அப்பா மீன்பாடி வண்டி, அதாவது சாமான் ஏற்றும் மூன்று சக்கர வண்டி, ஓட்டினார், பிள்ளை இப்போது கடையில் பேக்கிங் வேலை பார்க்கிறான். கொத்தவால் சாவடி காய்கறி மொத்த வியாபாரம் 1996இல் கோயம்பேட்டுக்குப் போனபோது சிலர் கூடவே போனார்கள். மளிகை, காகிதம், பாத்திரம், இரும்புச் சாமான் என்று மற்ற மொத்தக் கடைகள் இங்கேயே இருப்பதால் பலர் தங்கிவிட்டார்கள். அந்தக் கடைகளுக்கும் இவர்களுக்கும் ஒரு ஏற்பாடு இருக்கும். காலையில் கடை வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளிப்பார்கள், ராத்திரி யாராவது பூட்டைத் தொட்டால் சத்தம் போடுவார்கள். பதிலுக்குக் கடைக்காரர் ஒரு குடம் தண்ணீர் தருவார், போன் சார்ஜ் போட்டுக்கொள்ள விடுவார், ஓட்டர் ஐடியையும் ஆதாரையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கொடுத்தால் மேசை டிராயரில் வைத்துக்கொள்வார். எழுத்தில் எதுவும் இருக்காது, ஆனால் வருடக்கணக்காக நடக்கும். எந்த நடைபாதையில் எந்தக் குடும்பம் என்பதற்கும் எல்லைகள் உண்டு. புதிதாக ஒருவர் வந்து பாய் விரித்துவிட முடியாது. பெண் பெரியவளானால் அங்கேயே பந்தல் போட்டுச் சடங்கு நடக்கும், கல்யாணம் என்றால் கடைக்காரர்களுக்கும் பத்திரிகை போகும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் அங்கே உண்டு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி வயதுச் சான்று இல்லை என்ற காரணத்தைச் சொல்லிப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது. இது தெரியாமல் திரும்பி வந்த பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்த ஏற்பாடுகள் எல்லாம் அந்த இடத்தோடு கட்டுப்பட்டவை. நகர ஓரத்தில் பெரும்பாக்கத்திலோ கண்ணகி நகரிலோ அரசு கட்டிய அடுக்குமாடியில் ஒரு வீடு ஒதுக்கினால் சிலர் ஏன் திரும்பி வந்துவிடுகிறார்கள் என்பதற்குப் பதில் இதில்தான் இருக்கிறது. பாரிமுனையிலிருந்து பெரும்பாக்கம் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். விடிவதற்கு முன் லோடு வண்டி வரும்போது ஆள் நிற்காவிட்டால் அன்றைய கூலி வேறொருவருக்குப் போய்விடும். வீட்டைக் கொடுத்துவிட்டு வேலையை எடுத்துக்கொண்டால் மனுஷன் வேலை இருக்கிற இடத்துக்குத்தான் வருவான். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வந்தார்கள் என்று திட்டுகிறவர்கள் இந்தத் தூரத்தை ஒருநாள் பஸ்ஸில் போய்ப் பார்க்க வேண்டும். அங்கேயே தங்கி நன்றாக ஊன்றிக்கொண்ட குடும்பங்களும் இருக்கின்றன, அதையும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலும் பக்கத்தில் வீட்டு வேலையோ, ஹவுஸ்கீப்பிங் வேலையோ, ஆட்டோவோ கிடைத்தவர்கள் அவர்கள்.

இந்தத் திரும்பி வருதல் புதிதல்ல, நம் ஊருக்கு மட்டும் உரியதும் அல்ல. 1981 ஜூலையில் பம்பாயில் கொட்டும் மழைக்காலத்தில் நடைபாதை வாசிகளை அகற்றி அவரவர் ஊருக்கே அனுப்பிவிடுவது என்று மகாராஷ்டிர அரசு முடிவெடுத்தது. அப்போது முதல்வர் ஏ.ஆர்.அந்துலே. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர்களில் ஒருவர் நம் சேலத்துக்காரர். நிலமில்லாத கூலி, ஊரில் வேலை இல்லாமல் 1961இல் பம்பாய் போனவர். குடிசையை இடித்துக் குடும்பத்தோடு சேலத்துக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள். மனைவியையும் மகள்களையும் ஊரில் விட்டுவிட்டு அவர் மறுபடி பம்பாய்க்கே போய்ப் பிளாட்பாரத்தில் ஒதுங்கினார். தீர்ப்பிலேயே இந்த விவரம் இருக்கிறது. பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் பெயரில் வழங்கும் அந்த 1985 தீர்ப்பில்தான், உயிர்வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள். பிழைப்பு நகரத்தில் இருப்பதால்தான் இவர்கள் நடைபாதையில் இருக்கிறார்கள் என்பதையும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் நடைபாதையில் குடியிருக்க உரிமை உண்டு என்று சொல்லிவிடவில்லை. முறையாக நோட்டீஸ் கொடுத்து, அவர்கள் தரப்பைக் கேட்டு அகற்றலாம் என்றுதான் முடித்தார்கள். இந்தத் தீர்ப்பை மேடையில் பேசுகிறவர்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வது வழக்கம்.

குடும்பங்களை விட்டால் அடுத்த பெரிய கூட்டம் தனி ஆண்கள். இவர்களில் பெரும்பாலோர் பிச்சை எடுப்பதில்லை என்பதை உறுதியாகச் சொல்வேன், குறைந்தபட்சம் நான் வேலை செய்கிற பகுதியில். லோடு வேலை, ட்ரைசைக்கிள், பழைய பேப்பர் பொறுக்குவது, கட்டட வேலை, எல்லாவற்றையும்விட அதிகமாக கேட்டரிங். முகூர்த்த நாட்களில் சாயங்காலம் ஏஜென்ட் ஆள் எடுக்க வருவார். வெள்ளைச் சட்டை கறுப்பு பேன்ட் போட்டுக்கொண்டு வேனில் ஏறிப் போய், பந்தியில் பரிமாறி, பாத்திரம் கழுவி, ராத்திரி ஒரு மணிக்கு மேல் திரும்பி வந்து படுப்பார்கள். உங்களுக்கு இலையில் இரண்டாம் தடவை சாம்பார் ஊற்றியவர் சென்ட்ரல் பக்கம் பாய் விரிப்பவராக இருந்திருக்கலாம். அந்த வெள்ளைச் சட்டையை அழுக்குப் படாமல் வைத்துக்கொள்வது எவ்வளவு பாடு என்று அவர்களைக் கேட்டால் தெரியும். ஆடி மாதமும் மார்கழியும் இவர்களுக்குப் பட்டினிக் காலம், ஏனென்றால் கல்யாணம் கிடையாது. பசி எப்போது வரும் என்பதைப் பஞ்சாங்கம் பார்த்தே சொல்லிவிடலாம்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு முதலில் தோன்றுவது சோறு. ஆனால் அவர்களிடம் கேட்டால் பட்டியல் வேறு. முதலில் கழிப்பறை. கட்டணக் கழிப்பறையில் ஒவ்வொரு தடவையும் ஆளுக்குக் காசு; ஐந்து பேர் குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். பெண்கள் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள், ராத்திரியில் போக இடம் இருக்காது என்பதால். அதனால் வரும் மூத்திரக் கடுப்பு, எரிச்சல், காய்ச்சல் எல்லாம் அங்கே சகஜம். குளிப்பது விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு, இருவர் புடவை பிடிக்க ஒருவர் உள்ளே. அடுத்தது சாமான் வைக்க இடம். ட்ரங்குப் பெட்டியைக் கம்பியோடு சேர்த்துப் பூட்டி வைப்பார்கள். நடைபாதையைச் சுத்தம் செய்ய லாரி வருகிறபோது ஆள் பக்கத்தில் இல்லையென்றால் பெட்டி, அடுப்பு, பிள்ளையின் புத்தகம், சான்றிதழ் எல்லாம் குப்பையோடு போய்விடும். போன காகிதத்தைத் திரும்ப வாங்க முகவரிச் சான்று கேட்பார்கள். முகவரி இருந்தால் அவர் ஏன் அங்கே இருக்கிறார்?

இதில் ஒரு விஷயத்தில் மட்டும் அரசு இயந்திரம் வியக்கும்படி யோசித்திருக்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வீடற்றவருக்கு முகவரிச் சான்று தேவையில்லை. படிவம் 6இல் தான் தூங்கும் இடத்தை எழுதிக் கொடுத்தால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரி நேரத்தில், ஒரு தடவைக்கு மேல் வந்து, அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்த்துப் பெயரைச் சேர்க்க வேண்டும். தேர்தல் ஆணையத்தின் விதி இது. ராத்திரி வரும் அலுவலர் எல்லா இடத்திலும் கிடைப்பாரா என்பது வேறு கதை, ஆனால் விதியைச் சொல்லிக் கேட்கலாம். ரேஷன் கார்டு அப்படி இல்லை. தனிச் சமையல், வசிப்பிடம் என்று விசாரணை வரும், அங்கேதான் பலருக்கு முட்டுக்கட்டை விழுகிறது.

இனி காப்பகம். பட்டினிச் சாவுகள் தொடர்பாக 2001இல் தொடரப்பட்ட பொதுநல வழக்கு ஒன்றில், 2010இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, பெரிய நகரங்களில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம், 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அதற்குப் பிறகு 2013இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டத்தில் ஆளுக்கு 50 சதுர அடி, குடிநீர், கழிப்பறை, சமையலறை என்று அளவுகள் வகுக்கப்பட்டன. விரிந்த சென்னை மாநகராட்சிக்கு 2011 மக்கள்தொகையை வைத்துப் பார்த்தாலே 60க்கு மேல் காப்பகம் வேண்டும். சென்னையில் மாநகராட்சி இடம் கொடுக்க, தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. ஆண்களுக்கு, பெண்களுக்கு, முதியவர்களுக்கு, சிறுவர்களுக்கு என்று தனித்தனி. அரசு மருத்துவமனை வளாகங்களில் நோயாளிகளோடு வந்தவர்கள் தங்குவதற்கும் உண்டு, அது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. வெளியூரிலிருந்து வந்து ஜி.எச். என்கிற அரசு பொது மருத்துவமனை வாசலில் வாரக்கணக்கில் படுத்துக் கிடப்பவர்களை யாரும் வீடற்றவர் என்று நினைப்பதில்லை, ஆனால் அந்த வாரங்களில் அவர்களும் அதேதான்.

அப்படியிருந்தும் ஏன் போவதில்லை? தனித்தனி என்று சொன்னேனே, அதுதான் முதல் காரணம். புருஷன் ஒரு காப்பகம், பெண்டாட்டி ஒரு காப்பகம், வளர்ந்த பையன் மூன்றாவது இடம் என்றால் எந்தக் குடும்பம் போகும்? நீங்கள் போவீர்களா? இரண்டாவது, கதவு சாத்தும் நேரம். எந்நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உத்தரவு சொன்னாலும், பொறுப்பாளர் ராத்திரி ஒன்றரைக்குக் கதவு திறந்துகொண்டிருக்க விரும்ப மாட்டார். கேட்டரிங் ஆள் அப்போதுதான் வருவார். மூன்றாவது, ட்ரைசைக்கிளை எங்கே நிறுத்துவது? அதுதான் அவர் சொத்து. குடித்துவிட்டு வரக்கூடாது என்பது இன்னொன்று. அந்த விதி இல்லாவிட்டால் மற்றவர்கள் தூங்க முடியாது, இருந்தால் குடிக்கிறவர் வெளியே நிற்பார். இதற்கு நல்ல தீர்வு வைத்திருப்பதாகச் சொல்லும் யாரையும் நான் நம்புவதில்லை. கடைசியாக, பிடித்துக்கொண்டு போய் அடைத்துவிடுவார்கள் என்ற பயம். தமிழ்நாட்டில் 1945இலிருந்து பிச்சை எடுத்தல் தடுப்புச் சட்டம் ஒன்று இருக்கிறது, ஆகவே அந்தப் பயம் ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை. டெல்லியில் இதே மாதிரிச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை 2018இல் அங்குள்ள உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. 2021இல், கொரோனா காலத்தில் சிக்னலில் பிச்சை எடுப்பதைத் தடுக்கக் கேட்டு ஒரு மனு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, வேறு வழியில்லாமல்தான் மக்கள் இதற்கு வருகிறார்கள், மேட்டுக்குடிக் கண்ணால் இதைப் பார்க்க மாட்டோம் என்று நீதிபதிகள் மறுத்துவிட்டார்கள். சட்டம் மெல்ல மாறுகிறது, பயம் அதைவிட மெதுவாகத்தான் போகும்.

ஆனால் காப்பகமே வீண் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தனியாக இருக்கும் பெண்ணுக்கும், வேலை செய்ய முடியாத முதியவருக்கும் அது பல சமயம் உயிரைக் காக்கிற இடம். தெருவில் தனியாக இருக்கும் பெண் ராத்திரியில் தூங்குவதில்லை. வெளிச்சமாக, ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் உட்கார்ந்தே விடிய வைத்துவிட்டுப் பகலில் தூங்குவார். பகலில் தூங்குவதைப் பார்த்து "வேலைக்குப் போகலாமே" என்று நம்மாட்கள் சொல்லிவிட்டுப் போவார்கள்.

காசா, சாப்பாடா என்றால், இதில் உறுதியான விதி என்று எதையும் சொல்ல மாட்டேன், என் பழக்கத்தைச் சொல்கிறேன். சென்ட்ரல், ஜி.எச்., பெரிய கோயில் வாசல் போன்ற இடங்களில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரியும் அமாவாசையும் சோற்றுக்குப் பஞ்சமே இல்லை. பிறந்தநாள், நினைவுநாள் என்று காரில் வந்து கொடுப்பார்கள், எல்லோரும் ஒரே நேரத்தில், எல்லோரும் சாம்பார் சாதம். கெட்டுப்போய்க் கொட்டுவதும் நடக்கும். செவ்வாய்க்கிழமை காலையில் யாரும் வர மாட்டார்கள். 2013இல் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், தயிர் சாதம் மூன்று, சாம்பார் சாதம் ஐந்து என்று விலை வைத்ததில் இவர்களுக்குக் கிடைத்த பெரிய லாபம், யாரிடமும் கை நீட்டாமல் வரிசையில் நின்று காசு கொடுத்து வாங்கிச் சாப்பிட முடிந்தது. அதனால் கையில் இருபது ரூபாய் இருப்பது வீணில்லை. குடித்துவிடுவார்களே என்பார்கள். சிலர் குடிப்பார்கள். நாள் முழுக்க மூட்டை தூக்கிய உடம்பு வலிக்கு, கொசுக்கடியிலும் லாரிச் சத்தத்திலும் தூங்குவதற்கு என்று அவர்களே காரணம் சொல்வார்கள். அந்தக் காரணத்தை நான் நியாயப்படுத்தவில்லை, குடியால் செத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் டாஸ்மாக் வாசலில் கார் நிறுத்தியவரிடம் இந்தக் கேள்வியை நாம் கேட்பதில்லை. கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். கொடுத்த பிறகு அது அவர் காசு. சிறு பிள்ளைகள் கையில் மட்டும் நான் காசு கொடுப்பதில்லை. பள்ளி நேரத்தில் கை நீட்டினால் வருமானம் உண்டு என்று ஆகிவிட்டால், அந்தப் பிள்ளையைத் திரும்ப வகுப்புக்கு அனுப்புவது பெரும்பாடு.

பணமும் சோறும் தவிர்த்து என்ன கொடுக்கலாம் என்றால், கேட்டுவிட்டுக் கொடுங்கள். மழைக்காலத்தில் தார்ப்பாய், கொசுவலை, உள்ளாடை, மாதவிடாய்க்கு நாப்கின், நல்ல செருப்பு, பூட்டு. போர்வை எல்லோரும் கொடுக்கிறார்கள். சென்னையில் அதற்கு எத்தனை நாள் வேலை இருக்கிறது?

அந்தப் பெரியவர் காலைப் பற்றி. இதுதான் உங்கள் கேள்வியில் அவசரமானது. நடைபாதையில் ஆறாத கால் புண் என்றால் சர்க்கரை நோயாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பது என் அனுபவம், ஆனால் டாக்டர் பார்த்தால்தான் தெரியும். வெறும் காலோடு ஈரத்தில் நடப்பதும், ஈ மொய்ப்பதும் சேர்ந்து புண்ணில் புழு வைத்துவிடும், அதன்பிறகு விரலையோ காலையோ எடுக்கும் நிலை வரலாம். பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கட்டுப் போடுவார்கள், சர்க்கரையும் பார்ப்பார்கள். நாற்றம் அடித்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, ஆள் மயக்கமாகப் பேசினாலோ 108க்கு போன் செய்யுங்கள். பலர் போக மறுப்பதற்குக் காரணம் சிகிச்சை மேல் வெறுப்பு என்று நினைக்காதீர்கள். மூட்டையை யார் பார்த்துக்கொள்வது, படுக்கும் இடத்தை வேறொருவர் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது, ஆஸ்பத்திரியில் "கூட வந்த ஆள் யார்?" என்று கேட்டால் என்ன சொல்வது, இந்த மூன்றும்தான். மூட்டையைப் பக்கத்துக் கடையில் வைக்க ஏற்பாடு செய்து, முதல் தடவை நீங்களோ உங்கள் நண்பரோ கூடப் போனால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி டிஸ்சார்ஜ் ஆன பிறகு. புண் ஆறும்வரை அவருக்குக் காப்பகத்தில் இடம் கேளுங்கள். மாநகராட்சியின் 1913க்கு அழைத்து இடத்தைச் சொல்லலாம். முதியோருக்கான 14567 என்ற எண்ணும் இருக்கிறது. ஒரு அழைப்பில் எல்லாம் நடந்துவிடும் என்று உறுதி தர மாட்டேன், இரண்டு மூன்று முறை விடாமல் கேட்க வேண்டியிருக்கும்.

ஒருவேளை அவர் தனக்குத்தானே பேசிக்கொண்டு, பெயர் கேட்டால் சொல்லத் தெரியாமல், உடை ஒழுங்கில்லாமல் இருந்தால் விஷயம் வேறு. 2017 மனநல பராமரிப்புச் சட்டத்தின் 100ஆவது பிரிவுப்படி, தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் மனநோயோடு அலைகிறவரைப் பாதுகாப்பில் எடுத்துக்கொள்வது அந்தப் பகுதி காவல் நிலையப் பொறுப்பாளரின் கடமை. 24 மணி நேரத்துக்குள் பொது மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது, காணாமல் போனவராகப் பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். பிரிவைச் சொல்லிப் பேசினால் ஸ்டேஷனில் காது கொடுப்பார்கள். கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. தெருவில் இருக்கும் மனநோயுற்ற பெண்களுக்காக 1993இல் சென்னையில் தொடங்கிய தி பேன்யன் அமைப்பு இந்தத் துறையில் பலருக்கு வழிகாட்டியது. சென்ட்ரல் கடைசி ஸ்டேஷன் என்பதால் எங்கோ ரயில் ஏறியவர்கள் இங்கே இறங்கிவிடுகிறார்கள். பதில் சொல்லவில்லை என்றால் பேச்சே இல்லை என்று முடிவு கட்டாமல் தெலுங்கிலும் இந்தியிலும் ஒரு தடவை ஊர் பெயர் கேட்டுப் பாருங்கள். தெருவில் இருக்கும் எல்லோருக்கும் மனநோய் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கோபமாகப் பேசுகிறவர் பல சமயம் வெறுமனே கோபமாக இருக்கிறவர்தான்.

நிச்சயமில்லாத பகுதி ஒன்றும் இருக்கிறது: இவர்கள் எப்படித் தெருவுக்கு வந்தார்கள் என்பது. ஒரே ஆள் என்னிடம் ஒரு கதையும் டாக்டரிடம் ஒரு கதையும் சொல்வார். பிள்ளைகள் துரத்திவிட்டார்கள் என்பவர் தானே கோபித்துக்கொண்டு கிளம்பி வந்திருப்பார். தானே வந்தேன் என்பவர் துரத்தப்பட்டிருப்பார், பிள்ளைகளை விட்டுக்கொடுக்க மனமில்லாமல். அதனால் காரணங்களுக்குச் சதவீதம் போட்டுக் காட்டும் அறிக்கைகளை நான் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் படிப்பேன். எல்லோருக்கும் பின்னால் ஒரு கும்பல் இருக்கிறது, சாயங்காலம் வந்து வசூல் செய்கிறது என்று சொல்வார்கள். குழந்தைகளை வைத்து அப்படி நடப்பதாகச் சந்தேகம் வந்தால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்குச் சொல்லுங்கள். நான் பழகிய வயது வந்தவர்கள் விஷயத்தில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அவர்களிடம் வசூல் செய்கிறவர்கள் வேறு சில்லறை ஆட்கள், கந்துவட்டிக்காரர்கள்.

எப்படிப் பேச ஆரம்பிப்பது என்றால், நின்றுகொண்டு கீழே பார்த்துப் பேசாதீர்கள், எதிரில் குத்துக்காலிட்டோ படியிலோ உட்காருங்கள். "ஐயா", "ஆயா", "அக்கா", வயதுக்குத் தகுந்தபடி. நீ, வா, போ வேண்டாம். முதல் நாளே "ஏன் இங்க இருக்கீங்க?" என்று கேட்காதீர்கள், உங்கள் பக்கத்து வீட்டில் குடி வந்தவரிடம் "ஏன் கடன் வாங்கினீங்க?" என்று கேட்பீர்களா? டீ குடித்தாயிற்றா, நேற்று மழையில் எங்கே ஒதுங்கினீர்கள், இந்தக் கடை எப்போது திறப்பார்கள், இது போதும். உங்கள் பெயரைச் சொல்லுங்கள், அவர் பெயரை அவராகச் சொல்லும்போது கேட்டு வைத்துக்கொண்டு அடுத்த நாள் அந்தப் பெயரில் கூப்பிடுங்கள். குடும்பம் அடுப்பு மூட்டியிருக்கும்போது உள்ளே காலை வைக்காதீர்கள், பாய் விரித்த இடத்தை மிதித்துத் தாண்டாதீர்கள், அது அவர்கள் கூடம். தூங்குகிறவரை எழுப்பிச் சாப்பாடு கொடுக்க வேண்டாம். பேச விருப்பமில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டால் சரி என்று கிளம்பிவிடுங்கள், கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. படம் எடுக்காதீர்கள். சாப்பாடு கொடுக்கும்போது கண்டிப்பாக வேண்டாம், பிள்ளைகளை ஒருபோதும் வேண்டாம். புண்ணை டாக்டருக்குக் காட்டப் படம் தேவைப்பட்டால் அவரிடம் கேட்டுவிட்டு, முகம் வராமல் காலை மட்டும் எடுத்து, காட்டி முடித்ததும் அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுங்கள்.